ஏழாம் எண் கொடுங்கோலர்

செவந்தியின் பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை இருந்தது. அது ஒரு குற்றம் என்று புதுக்கோட்டைக்கு வந்து சேரும்வரை அவளுக்குத் தெரியாது.

கந்தர்வக்கோட்டைக்குத் தெற்கே, மினிபஸ் திரும்புகிற முந்திரிக்காட்டு ஓரத்தில் அவள் வீடு. புருசன் வீரய்யா குவைத்தில் கட்டட வேலை. பிள்ளைக்கு நாலு வயது, பெயர் நிலவழகன். கொஞ்ச தூரம் ஓடினால் போதும், உதடு நீலம் பாரித்துவிடும். உடனே இருந்த இடத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வான். அப்படி உட்கார்ந்தால் மூச்சு கொஞ்சம் திரும்பும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டும் இதே நீல உதட்டோடு மண்ணுக்குள் போனவை.

தஞ்சாவூர் டாக்டர், "ஆபரேசன் பண்ணினா பொழச்சுக்குவான்மா. கவர்மெண்டே பணம் கட்டிரும். ஆனா அஞ்சு வயசத் தாண்ட விட்டுறாதீங்க" என்று எழுதிக்கொடுத்தார். அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு செவந்தி ஏறாத படி இல்லை. எல்லா முத்திரையும் விழுந்துவிட்டது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைக் கொடுக்க வேண்டியது முற்பிறவி நிர்ணய ஆணையம்.

ஆணையம் முளைத்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. செவந்தி ஊர் முந்திரிக்காட்டில், இடுப்பளவு மண்ணில் புதைந்து ஒரு கற்சிலை கிடந்தது. மூக்கு உடைந்த, சம்மணமிட்ட ஆள். ஊர்க்காரர்கள் அவரை 'உக்காந்த சாமி' என்று கூப்பிட்டு, வருசத்தின் முதல் முந்திரிப்பழத்தை மடியில் வைத்துவிட்டுப் போவார்கள். அவரும் யாரையும் ஒன்றும் கேட்டதில்லை. ஒருநாள் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வந்து பார்த்து, இது புத்தர் என்றார். போதாதா? லாரி வந்தது, சாமியைத் தூக்கிக்கொண்டு போனது. புத்தர் கிடைத்ததும் கூடவே கர்மவினையும் கிடைத்துவிட்டது. அதை நிர்வகிக்க ஆள் வேண்டுமே என்று ஓர் ஆணையம் போட்டார்கள். அந்தப் பேராசிரியர் அன்புமொழியே ஆணையர் ஆனார். புதுக்கோட்டையில், திருவரங்குளம் சாலையில் மாடி வைத்த கட்டடம் எழும்பியது.

ஆணையத்தின் தத்துவம் எளிமையானது. சரித்திரத்தில் லட்சக்கணக்கான பேரைக் கொன்றவர்களில் பலர் மெத்தையில் படுத்து, வைத்தியர் கையைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகச் செத்திருக்கிறார்கள். வினை சும்மா விடுமா? அவர்கள் எங்கோ பிறந்து பட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். யார் அதிகமாகப் படுகிறார்களோ அவர்கள்தான் அவர்கள். தேடிப் பிடிக்க வேண்டிய கொடுங்கோலர்களுக்கு எண் போட்டு ஒரு பட்டியலே வைத்திருந்தார்கள். ஆக, அரசாங்கம் ஓர் ஏழைக்கு உதவும்முன், தெரியாத்தனமாக ஒரு கொடுங்கோலரின் தண்டனையைக் குறைத்துவிடுகிறோமா என்று பார்த்தாக வேண்டும். சட்டமன்றத்தில் இதை ஒருவரும் எதிர்க்கவில்லை. மிச்சமாகிற பணம் அப்படி.

செவந்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போன அன்று ஆணையத்தின் வாசலில் பெரிய வரிசை. அங்கே மாட்டுக்கொட்டில் ஒன்று உண்டு. காவித் துண்டு போட்ட அன்புமொழி அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கூடையிலிருந்து தவிட்டைத் தன் கையாலேயே அள்ளி ஒவ்வொரு மனுதாரருக்கும் கொடுப்பார். அதை வாங்கி மாட்டுக்கு வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். புண்ணியப் பங்கீடு என்று அதற்குப் பெயர். செவந்தி முந்தானையை ஏந்தி வாங்கினாள். காலையிலிருந்து பிள்ளைக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை, மாடு நன்றாகத் தின்றது.

உள்ளே பரிசோதனை. உதவி ஆணையர் கோபிநாத் ஒரு தட்டை நீட்டினார். அதில் ஒரு விசில், ஒரு பொம்மைத் துப்பாக்கி, ஒரு தாமரைப்பூ, ஒரு வாழைப்பழம் இருந்தன.

"எதையாச்சும் எடுக்கட்டும்மா. நீ சொல்லித் தரக்கூடாது."

நிலவழகன் வாழைப்பழத்தைப் பார்த்தான். செவந்தி முந்திக்கொண்டாள். "பசிக்குதுங்க அவனுக்கு."

"பசி என்றால் ஆசை" என்றார் அன்புமொழி. "ஆசையில்தான் எல்லாக் கொடுங்கோலும் தொடங்குகிறது. குறித்துக்கொள்ளுங்கள், கோபிநாத்." சொல்லிக்கொண்டே பிள்ளையின் முகத்தை ஆராயக் குனிந்தார். டியூப்லைட் வெளிச்சம் அவர் மூக்குக்கண்ணாடியில் பளிச்சென்று அடித்தது. பிள்ளை என்ன செய்யும்? எட்டிப் பிடுங்கிவிட்டது.

ஆணையர் கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மெதுவாக எழுந்து நின்றார். கோபிநாத்தும் எழுந்தார். கதவோரம் இருந்த பியூனும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"ஏழாம் எண்" என்றார் அன்புமொழி. "கண்ணாடி போட்டவனெல்லாம் படித்தவன் என்று சொல்லிக் கூட்டம் கூட்டமாகக் கொன்றவர். எத்தனை வருடத் தேடல்! கோபிநாத், அவருக்கு நாற்காலி போடுங்கள். என்ன இருந்தாலும் ஒரு நாட்டை ஆண்டவர்."

நாற்காலி வந்தது. நிலவழகன் அதில் உட்கார்ந்து கண்ணாடியின் ஒரு காதைக் கடித்துக்கொண்டிருந்தான். கோபிநாத் பக்கத்தில் குனிந்து நின்று ஒரு செல்பி எடுத்துக்கொண்டார். செவந்தி நின்றுகொண்டே இருந்தாள். அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"அய்யா, அந்த முத்திரை..."

"எப்படிக் கொடுக்க முடியும்? இவருக்கு ஆபரேசன் செய்தால் லட்சக்கணக்கான உயிர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? நானே அவர் கையால் செத்தவன், தெரியுமா?"

செவந்தி மிரண்டு போனாள். "நீங்களுமாங்க?"

"பின்னே? இந்தப் பிறவியில் எனக்கு என்ன குறை? கார் இருக்கிறது, பங்களா இருக்கிறது, மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். இந்த வயதில் சர்க்கரைகூடக் கிடையாது. இதெல்லாம் சும்மா வருமா? போன பிறவியில் கொடூரமாகக் கொல்லப்பட்டிருந்தால்தான் வரும். கண்ணாடி வேறு போட்டிருக்கிறேன். என் குடும்பம் மொத்தமும் நிரபராதிகளின் மறுபிறவி. நானே விசாரித்து நானே சான்று கொடுத்திருக்கிறேன்."

"அப்ப அந்தாளோட உசுருதான் எம்புள்ளைக்குள்ள இருக்குதுங்களா?"

ஆணையர் முகம் மலர்ந்தது. கேள்வி கேட்டால் அவருக்குப் பிடிக்கும். "உயிரா? ஆன்மா என்று ஒன்று கிடையாது, புத்தரே சொல்லிவிட்டார். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுகிறோம். போனது யார், வந்தது யார்? யாருமில்லை."

"யாருமே இல்லேன்னா இவனுக்கு எதுக்குங்க தண்டனை?"

"யாருமில்லை என்பது தத்துவம். இவன் என்பது நிர்வாகம்" என்றார் ஆணையர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "பட வேண்டியதைப் பட்டுச் சீக்கிரம் முடித்துக்கொள்ளட்டும். குறுக்கே போகாமல் இருப்பதுதான் உண்மையான கருணை. அடுத்த பிறவியில் நல்ல இடத்தில் பிறப்பார். யார் கண்டது, என் வீட்டிலேயே பிறந்தாலும் பிறப்பார்."

அதோடு முடிந்ததா என்றால், அதுதான் இல்லை. மறுவாரமே கோபிநாத் ஜீப்பில் ஊருக்கு வந்து இறங்கினார். ஏழாம் எண் இங்கே பிறந்திருக்கிறார் என்றால் அவருடைய ஆட்களும் சுற்றுவட்டாரத்தில்தான் பிறந்திருக்க வேண்டும் என்பது ஆணையரின் கணிப்பு. ஊருக்கு ஒரே கைபம்பு, அதுவும் ரிப்பேர். ரோடு கிடையாது. மழைக்கு ஒழுகாத வீடு இல்லை. கோபிநாத் பார்க்கப் பார்க்கக் கணிப்பு உறுதிப்பட்டுக்கொண்டே போனது. பம்பைச் சரிபண்ண வந்திருந்த ஆளைத் தண்டனையில் குறுக்கிட வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வீட்டுச் சொர்ணவல்லி போன பிறவியில் சிறைத்துறைத் தலைவராக இருந்தவள் என்று ஆயிற்று.

"நானா? எங்க வீட்டுக் கோழியே நான் சொன்னா கூட்டுக்குள்ள போகமாட்டேங்குது" என்றாள் சொர்ணவல்லி. "ஏங்க சாரு, சிறைத்துறைத் தலைவருக்குக் குடிக்கத் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு எந்தப் புத்தர் சொன்னாரு?"

வீரய்யாவைப் படைத்தளபதி என்று முடிவு பண்ணினார்கள். செவந்தி அதை அவனுக்குப் போனில் சொன்னாள். "இங்க மேஸ்திரி என்னைய நாயே பேயேங்குறான்த்தா. நான் தளபதியா?" என்று கேட்டுவிட்டு அழுதான்.

கோபிநாத் புறப்படும் நேரத்தில் நிலவழகன் ஜீப்பைப் பிடிக்க ஓடினான். பாதியிலேயே உதடு நீலமாகிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். நெஞ்சுக்கூடு ஏறி ஏறி இறங்கியது. கோபிநாத் ஜீப்பிலிருந்து எட்டிப் பார்த்து, "நல்லாவே நடந்துக்கிட்டிருக்கு, ஐயாகிட்ட சொல்றேன்" என்றார். மனுசன் கெட்டவரில்லை. போகும்போது பிள்ளைக்கு டாட்டா காட்டினார்.

அன்றைக்குச் செவந்தி உலை வைக்கவில்லை. பிள்ளைக்கு ஐந்து வயது முடிய அதிக நாள் இல்லை. சொர்ணவல்லிதான் வந்து, "தவிட்டுக்கு வித்துரு செவந்தி" என்றாள்.

பிறந்த பிள்ளை தங்காத வீட்டில் இது வழக்கம்தான். அடுத்துப் பிறந்த பிள்ளையை வேறு ஒருத்தர் மடியில் கிடத்தி, ஒரு கை தவிடு வாங்கிக்கொண்டு விற்றுவிடுவார்கள். இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று ஆகிவிட்டால் இந்த வீட்டு விதி அதைத் தொடாது. பிள்ளை தேறியதும் புதுத்துணி எடுத்துக்கொண்டு போய் மீட்டுக்கொள்ளலாம்.

"சாமிய ஏமாத்தலாம். ஆணையத்த ஏமாத்த முடியுமாக்கும்?"

"அட, அவுகளே சட்டம் போட்டு வச்சுருக்காகடி. ஆணையத்துக் கட்டடத்தக் கட்டுன காண்ட்ராக்டர் இருக்காருல்ல, அவரு மகனுக்குக் கிட்னி ஆபரேசனுக்கு எப்புடி முத்திர கெடச்சுச்சு? சின்னப்புள்ளையில அவனத் தவிட்டுக்கு வித்துட்டாகளாம், அதனால பெத்த வீட்டு வினை ஒட்டாதாம். ஆணையரே கையெழுத்துப் போட்டுருக்காரு. எம்மடியில போடு, நான் வாங்கிக்கிறேன்."

செவந்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒம்மடியில போட்டு என்னத்துக்கு ஆகும்? நீயே சிறைத்துறைத் தலைவர். நல்ல வினை உள்ள மடியாப் பார்த்துல்ல போடணும்."

நல்ல வினை உள்ள மடி ஜில்லாவிலேயே ஒன்றுதான் இருந்தது. அதற்குச் சான்றிதழே உண்டு.

அடுத்த திங்கட்கிழமை செவந்தி பிள்ளையைக் குளிப்பாட்டி, தலை சீவி, நெற்றியில் பொட்டு வைத்துக் கூட்டிப்போனாள். வரிசை நகர்ந்தது. ஆணையர் கூடைக்குள் கைவிட்டுத் தவிடு அள்ளி நீட்டினார். செவந்தி முந்தானையில் வாங்கி இறுக்கி முடிந்துகொண்டாள். பிறகு நிலவழகனைத் தூக்கி அவர் மடியில் உட்காரவைத்தாள்.

"தவிடு வாங்கிக்கிட்டேங்க, புள்ளையக் குடுத்துட்டேன். இனிமே இது ஒங்க வீட்டுப் புள்ளை. எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை."

ஆணையருக்கு விளங்கவில்லை. வரிசையில் நின்ற பொம்பளைகளுக்கு விளங்கிவிட்டது. வல்லத்திராக்கோட்டைக் கிழவி ஒருத்தி முதலில் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். அடுத்தவள் எடுத்தாள், அதற்கடுத்தவள் எடுத்தாள், கொட்டில் மாடெல்லாம் மிரண்டு கயிற்றை இழுக்கும்படி வரிசை மொத்தமும் குலவை போட்டது. நாலைந்து பேர் போனில் படம் பிடித்தார்கள். நிலவழகன் புது மடியில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே அறையில் செவந்தியையும் நிறுத்திவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு ஆணையர் கத்தினார். "என்ன அநியாயம் இது! செல்லாது என்று எழுதுங்கள்!"

"எழுதலாம் சார்" என்றார் கோபிநாத். "எழுதினா காண்ட்ராக்டர் மகனுக்குக் குடுத்ததும் செல்லாம போயிரும். அப்புறம் அவர் மூணாவது மாடி கட்டித் தரமாட்டார்."

ஆணையர் தண்ணீர் குடித்தார்.

"செல்லும்னு வச்சுக்கிட்டா பையன் ஒங்க வீட்டுப் புள்ளை. ஒங்க குடும்பம் மொத்தமும் நிரபராதிங்கன்னு சான்று இருக்கு. அதுக்குள்ள ஏழாம் எண் எப்படி சார் வருவார்? பையனும் நிரபராதிதான்."

"அப்படியானால் ஏழாம் எண் எங்கே? அடுத்த மாதம் பன்னாட்டு மாநாடு. பல தேசத்துப் பிக்குகள் வருகிறார்கள். கண்டுபிடித்துவிட்டோம் என்று நான் அறிவித்தாகிவிட்டது. வெறும் நாற்காலியையா காட்டுவேன்?"

செவந்தி மூலையில் முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆணையரின் பார்வை அறையைச் சுற்றிவந்து அவள் மேல் விழுந்து அங்கேயே நின்றது. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது.

"கோபிநாத், பெற்ற பிள்ளையை ஒரு கை தவிட்டுக்கு விற்றிருக்கிறார். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. இதைச் செய்யத் துணிந்தவர் வேறு எதைத்தான் செய்திருக்கமாட்டார்? நாம் பிள்ளையைப் பார்த்தோம், தூக்கிவந்தவரைப் பார்க்கத் தவறிவிட்டோம்." அவர் எழுந்து நின்றார். "நாற்காலி போடுங்கள். உட்காருங்கள் அம்மா."

முதல் தடவையாக அவளுக்கு நாற்காலி வந்தது. செவந்தி நுனியில் உட்கார்ந்தாள்.

"ஆபரேசன் எப்பங்க?"

"நீங்கள் ஒப்புக்கொண்டால் நாளைக்கே."

"ஆமாங்க. நாந்தேன்."

"என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்."

"நீங்க சொன்னதுதாங்க. கண்ணாடி போட்டவுகளக் கொன்னது நாந்தேன்."

"ஏன்?"

செவந்தி யோசித்தாள். பொய் சொல்லவும் ஏதாவது தெரிந்திருக்க வேண்டுமே. "தெரியலைங்க."

"பார்த்தீர்களா!" என்றார் ஆணையர் பூரித்துப்போய். "எல்லாக் கொடுங்கோலர்களும் கடைசியில் இதைத்தான் சொல்வார்கள்."

கைரேகை வைத்தபிறகு அவள் மெதுவாகக் கேட்டாள். "புள்ளை தேறுனதும் புதுத்துணி எடுத்தாந்து மீட்டுக்கிறேங்க. அதுதான வழக்கம்."

"அது எப்படி? உங்களிடம் வந்தால் உங்கள் வினையும் அவன்மேல் வந்துவிடுமே. ஓட்டை திரும்ப விழுந்தால் ஆணையம் பொறுப்பேற்காது. ஒன்று நீங்கள், இல்லையென்றால் அவன்."

பாவி மகள், அங்கேதான் அவளுக்கு அழுகை வந்தது. முந்தானை முடிச்சு அவிழ்ந்து தவிடு தரையெல்லாம் கொட்டியது. அதை ஒரு பொட்டு விடாமல் கையால் கூட்டி அள்ளி, மறுபடியும் முடிந்துகொண்டாள். "சரிங்க" என்றாள்.

பிள்ளைக்கு ஆபரேசன் நல்லபடியாக நடந்தது. ஆணையர் வீட்டில் வேண்டாவெறுப்பாகத்தான் சேர்த்துக்கொண்டார்கள், ஆனாலும் சேர்த்துக்கொண்டார்கள். சித்தார்த் என்று பெயரை மாற்றி, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். செவந்திக்கு ரேஷன் நின்றது, நூறுநாள் வேலை நின்றது. வீரய்யாவுக்கு ஏர்போர்ட்டில் இறங்கினால் பிடித்துக்கொள்வார்களோ என்று பயம். அவன் திரும்பி வரவே இல்லை. ஊர்ப் பம்பு இன்றுவரை சரியாகவில்லை. ஆணையம் மட்டும் மூன்றாவது மாடி எழுப்பியது. அந்த மாடியில் கொடுங்கோலர் கூடம். வெள்ளிக்கிழமைதோறும் ஜீப் வந்து செவந்தியை ஏற்றிக்கொண்டு போய், ஏழு என்று எழுதிய நாற்காலியில் உட்காரவைக்கும். கீழே, கம்பிக்குப் பின்னால், உக்காந்த சாமி. அவருக்கும் பார்வை நேரம் உண்டு.

ஐந்தாறு வருசம் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றுலா வந்தார்கள். மூன்று மாடியும் படியேறி, தடதடவென்று உள்ளே நுழைந்தார்கள். டீச்சர் வரிசையில் நிறுத்தி, "கண்ணாடி போட்டவங்களையெல்லாம் கொன்னது இவங்கதான். யாராச்சும் கேள்வி கேக்கணும்னா கேக்கலாம். சித்தார்த், நீ கேளு" என்றார்.

ஒரு பையன் முன்னால் வந்தான். சட்டையின் மேல் பட்டன் கழன்றிருந்தது. கழுத்துக்குக் கீழே நேர்கோடாக ஒரு தழும்பு. வீரய்யாவின் அதே நெற்றி. கண்ணாடி போட்டிருந்தான்.

செவந்தி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். கூப்பிட்டுவிடுவோமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டாள்.

பையன் அவளைப் பார்த்தான், மேலே மாட்டியிருந்த ஏழாம் எண்ணைப் பார்த்தான். சட்டென்று தன் கண்ணாடியைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். பிறகு தைரியத்தைக் கூட்டிக்கொண்டு கேட்டான். "நீங்க எல்லாரையும் கொன்னுட்டீங்களா?"

"எல்லாரையும் இல்லைய்யா" என்றாள் செவந்தி. "ஒருத்தன மட்டும் விட்டுட்டேன்."

"ஏன்?"

அதற்கு அவளுக்குப் பதில் தெரியும். சொல்லவில்லை. அவன் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை படி ஏறி வந்தும் உதடு சிவந்துதான் இருந்தது.

டீச்சர் போகலாம் என்றதும் பிள்ளைகள் கூச்சலோடு ஓடினார்கள். அவன்தான் முதலில் ஓடினான், அவளுக்குப் பயந்து. செவந்தி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். மூன்று மாடிப் படியும் தாண்டி, வாசல் தாண்டி, கொட்டில் பக்கம்வரை அந்தக் கால்கள் ஓடிக்கொண்டே இருந்தன. எங்கேயும் உட்காரவில்லை.